ஐந்தடி மனிதர், ஆறடிச் சுவரொட்டி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று நழுவப் பார்த்தேன். அப்படியானால் உனக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பிரான்சு நாட்டுக்காரர். 1901-லேயே இறந்துபோனவர். உயரம் ஏறக்குறைய 1.52 மீட்டர், அதாவது ஐந்தடி. பெயர் ஆன்ரி த துலூஸ் லோத்ரெக். ஓவியர்.

அச்சுத் தொழில்நுட்பம் படிக்கிறவனுக்கு ஓவியரோடு என்ன சம்பந்தம் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இரண்டு. ஒன்று, கல்லச்சு. மற்றொன்று, என் வலது கால். முதலில் காலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மனிதரை நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரியாது.

என் கதை கொஞ்சம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கபடி ஆட்டத்தில் என் முழங்கால் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே வீங்கிப்போச்சு. சுளுக்குதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது. மூன்று வாரம் கழித்து வீக்கம் வடிந்தது, நானும் நடந்தேன், அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம்.

பதினேழு வயதில்தான் கணக்கு வெளியே வந்தது. வலது கால் இடது காலைவிட 2 செ.மீ. குட்டை. தொடை எலும்பின் கீழ்முனையில் வளர்ச்சி நின்றுவிட்டது என்று எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு நான் போலீசில் சேர வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டது. ஹாஸ்டலில் நம்ம பசங்க வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். வைத்தவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்கள் இன்றைக்கு என் நல்ல நண்பர்கள்.

ரெக்கார்டு நோட்டு வாங்க அப்பா அனுப்பிய பணத்தில் உயரம் கூட்டும் பொடி வாங்கித் தின்றேன். மைதானத்து இரும்புக் கம்பியில் காலையும் மாலையும் வௌவால் மாதிரித் தொங்கினேன். ஒரு மி.மீ. கூட ஏறவில்லை. பிறகு வேறு ஒரு மருந்தைக் கண்டுபிடித்தேன். அது பாட்டிலில் வருவது. அதைக் குடித்தால் கால் வளராது, ஆனால் குட்டைக் கால் மறந்துபோகும். மூன்றாவது செமஸ்டரில் எனக்கு நான்கு அரியர் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த நேரத்தில் ஒரு நாள் எங்கள் ஆசிரியர் கல்லச்சு பற்றிய பாடத்தில் ஒரு சுவரொட்டியின் படத்தைக் காட்டினார். மஞ்சள் விளக்குகள், கறுப்பு நிழலாகக் கூட்டம், நடுவில் வெள்ளைப் பாவாடை சுழல ஆடும் ஒரு பெண். இதை வரைந்தவர் இரண்டு கால்களும் வளராமல் நின்றுபோனவர் என்று போகிற போக்கில் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன்.

குதிரை ஏற வேண்டிய பிள்ளை

லோத்ரெக் 1864 நவம்பர் 24-ஆம் தேதி தெற்கு பிரான்சில் ஆல்பி என்ற ஊரில் பிறந்தார். பழைய ஜமீன் மாதிரியான பிரபு குடும்பம். தந்தை அல்ஃபோன்ஸ் பிரபு வேட்டைப் பிரியர். குதிரையும் வேட்டை நாயும் பருந்தும்தான் அவருடைய உலகம். தன் மகனும் தன்னைப் போலக் குதிரை ஏறி வேட்டையாடுவான் என்று நம்பியிருந்தார். தாய் அதேல், பக்தி மிகுந்த, அமைதியான பெண்மணி. இரண்டாவதாக 1867-ல் ஒரு தம்பி பிறந்து அடுத்த ஆண்டே இறந்துபோனான். ஆக, ஒரே பிள்ளை. செல்லத்துக்குக் கேட்க வேண்டுமா!

1872-ல் பாரிஸ் நகரில் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரன். நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் குதிரைப் படம். ஆனால் உடம்பு தேறவில்லை. மற்றப் பிள்ளைகள் வளர, இவன் பின்தங்கினான். 1875-ல் பள்ளியை விட்டு நிறுத்தி ஊருக்கே அழைத்துப் போனார்கள். தாய் அவனை வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தார். நம் ஊரில் குற்றாலம் போவது மாதிரி, அந்தக் காலத்து ஐரோப்பாவில் வசதியானவர்கள் எந்த வியாதிக்கும் ஊற்று நீரைத் தேடிப் போவார்கள்.

1878 மே மாதம். பையனுக்குப் பதின்மூன்றரை வயது. ஆல்பியில் வீட்டுக்குள்ளேயே ஒரு தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறான். கால் வழுக்குகிறது. விழுகிறான். இடது தொடை எலும்பு முறிந்துபோகிறது.

கவனியுங்கள் நண்பர்களே! குதிரையிலிருந்து விழவில்லை. மாடியிலிருந்து குதிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தான், அவ்வளவுதான். நம் உடம்பிலேயே பெரிய எலும்பு தொடை எலும்பு. அது இவ்வளவு சின்ன விழுதலில் முறிய வேண்டுமென்றால், எலும்பிலேயே ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே 1895-ல்தான்.

மாதக்கணக்கில் படுக்கை. எலும்பு கூடி, மெல்ல நடக்க ஆரம்பித்தான். 1879 ஆகஸ்டில் பரேஜ் என்ற மலை ஊரில், மறுபடியும் ஒரு வெந்நீர் ஊற்று ஊரில், தாயோடு உலாவிக்கொண்டிருந்தபோது ஓர் ஆழமில்லாத பள்ளத்தில் விழுந்தான். இந்த முறை வலது தொடை. முதல் முறிவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பதினைந்தே மாதம்.

அதற்குப் பிறகு அந்தக் கால்கள் சரியாக வளரவே இல்லை. இடுப்புக்கு மேலே வளர்ந்த ஆண்பிள்ளையின் உடம்பு, கீழே சிறுவனின் கால். கைத்தடி வாழ்நாள் முழுக்க உடன் வந்தது. தந்தையின் குதிரைக் கனவு முடிந்தது. எந்தக் குதிரையில் ஏற முடியாதோ, அந்தக் குதிரையைப் படுக்கையில் கிடந்தபடியே பையன் வரைந்து தள்ளினான்.

எலும்பு எப்படி வளர்கிறது?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நம் டிப்ளமோ மூளைக்கு ஒரு கேள்வி. கால் முறிந்தால் வளர்ச்சி நின்றுவிடுமா?

எப்போதும் நிற்காது. நம் நீண்ட எலும்புகள் நடுவில் வளர்வதில்லை, முனைகளில்தான் வளர்கின்றன. ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புதுச் செல்கள் உண்டாகி, அடுக்கடுக்காகச் சேர்ந்து, பிறகு கெட்டியாகி எலும்பாகின்றன. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்கால் பக்கத்துத் தட்டில்தான் நடக்கிறது. சிவில் நண்பர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். தூணின் மேல் முனையில் இப்போதுதான் போட்ட, இன்னும் இறுகாத கான்கிரீட் போன்றது அது. தூண் உயர்வது அங்கேதான். இடித்தால் முதலில் உடைவதும் அங்கேதான்.

வளரும் பிள்ளைக்கு எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் ஒழுங்காகக் கட்டுப் போட்டால் கூடிவிடும். சில சமயம் முறிந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, அந்தக் கால் ஒரு செ.மீ. அளவு கூடுதலாகக்கூட வளரும். ஆபத்து எங்கே என்றால், அடி வளர்ச்சித் தட்டில் படும்போதுதான். தட்டு சிதைந்து அங்கே எலும்புப் பாலம் விழுந்துவிட்டால் வளர்ச்சி நிற்கும், அல்லது கோணலாகும். வளரும் வயதில் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட இந்தத் தட்டு பலவீனமானது. பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காகப் போகும் அடி, பதினான்கு வயதுப் பையனுக்குத் தட்டு முறிவாக இருக்கலாம். எனக்கு நடந்தது அதுதான்.

லோத்ரெக்குக்கு நடந்தது அதுவா? யோசித்துப் பாருங்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு வயதில், வெவ்வேறு காலில் அடி. அடி மட்டுமே காரணமென்றால் ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை என்றுதானே ஆகியிருக்க வேண்டும்? இரண்டும் சேர்ந்தாற்போல் நின்றிருக்கின்றன. விழுவதற்கு முன்பே பையன் வளர்ச்சியில் பின்தங்கியும் இருந்தான். ஆக, விழுந்ததால் வளர்ச்சி நின்றது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த நோயால்தான் எலும்பும் முறிந்தது, வளர்ச்சியும் நின்றது என்று சொல்வதுதான் பொருந்துகிறது.

1962-ல் மரோட்டோ, லாமி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஓர் அபூர்வ எலும்பு நோயைப் பற்றி எழுதினார்கள். பிக்னோடைசோஸ்டோசிஸ் என்று பெயர். நம் எலும்பு தினமும் கொஞ்சம் அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இந்த நோயில் பழைய எலும்பை அரிக்கும் வேலை நடக்காது. எலும்பு அடர்த்தியாகும், ஆனால் சாக்பீஸ் மாதிரி நொறுங்கும். ஆள் குட்டையாக இருப்பார். லோத்ரெக்கின் நோய் இதுதான் என்று அவர்களே 1965-ல் எழுதினார்கள். இதற்குக் காரணமான மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. லோத்ரெக் விஷயத்தில் இது ஊகம்தான், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பரம்பரை நோய் என்பதற்கு ஒரு வலுவான தடயம் உண்டு. அவருடைய தாயும் தந்தையும் நெருங்கிய உறவு. இருவரின் தாய்மாரும் கூடப்பிறந்த அக்கா தங்கை.

நம்ம ஊர் முறைப்படி பார்த்தால் அவர்கள் அண்ணன் தங்கை முறை, கல்யாணமே நடந்திருக்காது. ஆனால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. அத்தை மகனும் மாமன் மகளும் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பரைச் சொத்தும் அதே அளவுதான். முறை என்பது நாம் போட்ட கணக்கு. எலும்புக்கு முறை தெரியாது. இப்படிப்பட்ட நோய் பிள்ளைக்கு வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே பழுது வர வேண்டும். நெருங்கிய உறவில் அந்த வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் சொத்து வெளியே போகக் கூடாது என்று பேச்சு எழும்போது, இதையும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

கையில் எடுத்த கல்

மறுபடி கதைக்கு வருகிறேன். 1881-ல் பாரிசில் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். பெயில்! அதே ஆண்டு துலூஸ் நகரில் மறுபடி எழுதிப் பாஸ் செய்தார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும். குடும்ப நண்பரான ரெனே பிரன்ஸ்தோ அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பிரன்ஸ்தோவுக்குக் காது கேட்காது. குதிரை வரைவதில் மன்னன். உடலில் ஒரு குறையோடு ஒருவர் தொழிலில் நிமிர்ந்து நிற்பதைப் பையன் முதலில் பார்த்தது அவரிடம்தான்.

1882-ல் பாரிசுக்குப் போய் பொன்னா என்ற ஓவியரிடமும், பிறகு கொர்மோன் என்பவரிடமும் பயின்றார். அங்கேதான் வின்சென்ட் வான்கோவின் நட்பு கிடைத்தது. 1887-ல் வான்கோவை இவர் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. 1890 ஜனவரியில் பெல்ஜியத்தில் ஒரு கண்காட்சி விருந்தில் வேறொரு ஓவியர் வான்கோவின் படங்களை மட்டமாகப் பேச, நம்ம ஐந்தடி மனிதர் எழுந்து அவரை நேருக்கு நேர் சண்டைக்கு அழைத்துவிட்டார்! சண்டை நடக்கவில்லை. ஆனால் நண்பனுக்காக எழுந்து நிற்க எத்தனை அடி உயரம் வேண்டும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துபோச்சு.

அவர் குடியிருந்தது பாரிசின் மோன்மார்த்ர் பகுதி. குறைந்த வாடகை, கூத்துக் கொட்டகைகள், சாராயக் கடைகள், ஆட்டக்காரிகள், ஏழை ஓவியர்கள். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? மாளிகையில் அவரைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். இங்கே பரிதாபப்பட யாருக்கும் நேரமில்லை. எல்லோருமே ஏதோ ஒன்றில் அடிபட்டவர்கள். அவர்களை அவர் கேலி செய்யாமல், அழகாக்கிப் பொய் சொல்லாமல், உள்ளது உள்ளபடி வரைந்தார்.

1889-ல் மூலான் ரூஜ் என்ற நடனக் கொட்டகை திறந்தது. 1891-ல் அதற்கு ஒரு சுவரொட்டி செய்து தரும்படி கேட்டார்கள். அதற்கு முன் அவர் கல்லச்சு செய்ததே இல்லை.

பிற துறை நண்பர்களுக்கு இரண்டு வரி. கல்லச்சு என்பது சுமார் 1798-ல் ஜெர்மனியில் செனஃபெல்டர் உருவாக்கிய முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரையாத இடத்தில் தண்ணீர் நிற்கும், வரைந்த இடத்தில் நிற்காது. மேலே மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விதிதான். இன்று கல்யாணப் பத்திரிகை முதல் பாடப்புத்தகம் வரை அச்சடிக்கும் ஆப்செட் இயந்திரமும் இதே விதியில்தான் ஓடுகிறது. நிறத்துக்கு ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். ரெஜிஸ்டர் தப்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் வகுப்புக்குத் தெரியும்.

லோத்ரெக் அச்சகத் தொழிலாளிகளோடு நின்று வேலை கற்றார். பல் துலக்கும் பிரஷை மையில் தோய்த்துக் கத்தியால் சுரண்டித் தெளித்து, கல்லில் புள்ளிப் புள்ளியாக நிழல் கொண்டுவந்தார். மூலான் ரூஜ் சுவரொட்டி வெளிவந்தபோது அதன் உயரம் ஏறக்குறைய 1.9 மீட்டர். ஆறடிக்கு மேல்! ஐந்தடி மனிதர், தன்னைவிட ஓரடி கூடுதலான படத்தை அச்சுக் கல்லில் உருவாக்கியிருக்கிறார். சுமார் 3,000 பிரதிகள் பாரிஸ் சுவர்களில் ஏறின. விடிந்து எழுந்த ஊர் அண்ணாந்து பார்த்தது. 27 வயது முடிவதற்குள் ஊரறிந்த மனிதரானார். அடுத்தடுத்து புருவான், ஜேன் அவ்ரில் என்று மேடைக் கலைஞர்களுக்கெல்லாம் சுவரொட்டிகள் செய்தார். மொத்தம் முப்பது சுவரொட்டிகள், முந்நூறுக்கு மேல் கல்லச்சுப் படங்கள், எழுநூறுக்கு மேல் எண்ணெய் ஓவியங்கள். விளம்பரச் சுவரொட்டியைக் கலை என்று உலகம் ஒத்துக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எலும்பு கொல்லவில்லை

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மேடையில் பேச்சுப் போட்டிக்குச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஆனால் நான் அவரை மறக்க முடியாமல் இருப்பது இதற்குப் பிறகு நடந்ததால்தான்.

லோத்ரெக் குடித்தார். முதலில் நண்பர்களோடு, பிறகு காலையிலிருந்தே. அப்சிந்த் என்ற காட்டமான மதுவும் பிராந்தியும் கலந்து குடித்தார். நடக்க உதவிய கைத்தடியையே உள்ளே துளையிட்டு மது நிரப்பி வைத்துக்கொண்டார் என்பார்கள். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தாங்க வேண்டிய தடியே தள்ளிவிடும் தடியானது. மேகநோயும் சேர்ந்தது. அன்றைக்கு அதற்குப் பென்சிலின் கிடையாது.

1899-ல் மனம் பேதலித்து, பாரிசை ஒட்டிய நெய்யீயில் ஒரு மருத்துவ விடுதியில் அடைக்கப்பட்டார். மதுவை நிறுத்தியதும் தெளிந்தார். தன் புத்தி சரியாக இருக்கிறது என்று காட்ட, எதையும் பார்க்காமல் நினைவிலிருந்தே சர்க்கஸ் காட்சிகளை வரிசையாக வரைந்தார். குதிரை, குதிரைமேல் பெண், கோமாளி... ஒரு கோடு பிசகவில்லை. மே மாதம் வெளியே விட்டார்கள். கை அப்போதும் அவர் பேச்சைக் கேட்டது. ஆனால் பாட்டிலிடம் அவர் பேச்சு எடுபடவில்லை. மறுபடி குடித்தார்.

1901 ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. தாய் தன் மால்ரோமே மாளிகைக்கு அவரை எடுத்துக்கொண்டு போனார். செப்டம்பர் 9-ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. 37 வயது நிறைய இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. பதின்மூன்று வயதில் தொடை முறிந்தபோது பக்கத்தில் இருந்த அதே தாய், கடைசியிலும் பக்கத்தில் இருந்தார். பிறகு அந்தத் தாயும், மோரீஸ் ஜுவாயான் என்ற நண்பரும் கொடுத்த படங்களைக் கொண்டு 1922-ல் ஆல்பியில் அவருக்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நண்பர்களே, இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் எலும்பு அவரைக் கொல்லவில்லை. ஐந்தடியில் நிறுத்தியது, வலியைக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த ஐந்தடியோடு அவர் உலகையே அண்ணாந்து பார்க்க வைத்தார். அவரைக் கொன்றதில் பெரும் பங்கு, அந்த வலிக்கு அவரே போட்ட கட்டுக்கு. எலும்பு அவர் கையில் இல்லை. கட்டு அவர் கையில் இருந்தது. என் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலை நினைத்துக்கொண்டேன். எனக்கு 2 செ.மீ. குறை. அதற்கு நான் கொடுக்கத் தயாராக இருந்த விலை எவ்வளவு?

மறுநாள் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு முறை சறுக்கினேன். ஆனால் எழுந்துவிட்டேன். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் என் வலது ஷூவின் அடியில் 15 மி.மீ. தோலும் ரப்பரும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது நான் நொண்டுவதில்லை. நான்கு அரியரில் மூன்று முடிந்தது. நான்காவதை இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் எழுதியிருப்பேன்.

முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு

பத்தாம் வகுப்பு முடித்து நேரே இங்கே வந்தவர்கள் நீங்கள். பையன்களுக்கு வளர்ச்சித் தட்டு பொதுவாக 16-லிருந்து 18 வயதுக்குள் மூடும், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு முன்னதாக. உங்களில் பலருக்கு அது இன்னும் திறந்திருக்கலாம். அதனால் அடிபட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

விளையாட்டில் மூட்டுப் பக்கம் அடிபட்டு வீங்கினால், ஊன்றி நடக்க முடியாவிட்டால், சுளுக்கு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். விரல் நீலம் பாயும் அளவுக்கு இறுகக் கட்டுப் போட விடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் காலே போய்விடும். அதற்காக விளையாட்டை விட்டுவிடாதீர்கள். ஓட்டமும் தாண்டலும் எலும்பைக் கெட்டியாக்கும். எடை தூக்கினால் குள்ளமாகிவிடுவாய் என்பதும் கட்டுக்கதைதான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், தாங்காத எடையைத் தூக்கி முதுகையும் மூட்டையும் கெடுத்துக்கொள்வதுதான் தப்பு.

வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். இரவெல்லாம் அரட்டை அடித்துவிட்டு, காலை டிபனையும் விட்டுவிட்டு முதல் பீரியடில் தூங்குகிற வழக்கம் வேண்டாம். கேழ்வரகு, பால், பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, நெத்திலி, இவற்றில் எலும்புக்கு வேண்டியது இருக்கிறது. கொஞ்சம் வெயிலும் படட்டும், வைட்டமின் டி வேண்டும். ஆனால் ஒன்று. உயரத்தில் பெரும் பகுதி பரம்பரைக் கணக்கு. நல்ல சாப்பாடும் தூக்கமும் அந்தக் கணக்கு சொல்லும் உயரத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதற்கு மேலே தூக்கிவிடாது.

தட்டு மூடிய பிறகு எந்தப் பொடியும் எந்தக் கம்பியும் எலும்பை நீட்டாது. காலையில் எழுந்ததும் எல்லோருமே ஒரு செ.மீ. அளவு உயரமாக இருப்போம். முதுகெலும்பின் இடைத் தட்டுகள் இரவில் ஊறி, பகலில் அமுங்குவதால் வரும் வித்தியாசம் அது. பொடி விற்கிறவர் உங்களைக் காலையில் அளக்கச் சொல்வார், ஏமாறாதீர்கள். அந்தப் பணத்தில் ரெக்கார்டு நோட்டு வாங்குங்கள்.

எங்கள் லேப் சுவரில் இப்போது அந்த மூலான் ரூஜ் சுவரொட்டியை ஒட்டியிருக்கிறோம். நாங்களே ஆப்செட்டில் அச்சடித்தது, நான்கு நிறம், ரெஜிஸ்டர் அரை மி.மீ. தப்பியிருக்கிறது, மன்னிக்கவும். தாள் பற்றாததால் முழு உயரம் இல்லை. வருகிற வாரம் வந்து பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதன் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தை அளந்து பார்க்கிறார்கள். நானும் அளந்தேன். இரண்டு காலிலும் ஷூ போட்டுக்கொண்டுதான்!

- இறுதியாண்டு, அச்சுத் தொழில்நுட்பம்